போண்டாய் முதல் டார்னீட் வரை: ஒரு நாடு தன் மக்களை எழுந்து நடக்கச் செய்யும் விதம்

சிட்னி நகரின் கிழக்குக் கரையில் போண்டாயில் தொடங்கி, டாமராமா, பிரான்ட்டி, குளோவெல்லி வழியாகக் கூஜீயில் முடியும் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடைபாதை, பயண வழிகாட்டி நூல்களில் அதன் கடற்காட்சிக்காகவே புகழப்படுகிறது. ஆயினும் விடியற்காலையில் அங்கே செல்கிறவரின் கவனத்தைக் கடலைவிட மனிதர்களே அதிகம் ஈர்க்கின்றனர். கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓடும் தாய்மாரும், எழுபதைக் கடந்த வயதில் மூச்சு வாங்கப் படியேறும் முதியவர்களும், அலுவலகத்துக்குப் போகும் முன் கடலில் நீந்திவிட்டு ஈரத்தலையோடு பேருந்து நிறுத்தத்துக்கு விரையும் இளைஞர்களும் அந்தப் பாதையை நாள்தோறும் நிறைக்கின்றனர். பாறைச் சரிவில் கைப்பிடியோடு அமைந்த படிகள், கடற்கரைதோறும் காசின்றிப் பயன்படுத்தக்கூடிய குளியல் குழாய்கள், உடைமாற்றும் அறைகள், வேவர்லி இடுகாட்டின் ஓரமாகக் கடலை ஒட்டிப் போடப்பட்ட மரப்பலகைப் பாதை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நகரசபையின் தீர்மானமும் ஒரு வரவுசெலவுக் கணக்கும் இருக்கின்றன. ஆஸ்திரேலியா தன் குடிமக்களை எப்படி விளையாடவும் நடக்கவும் நீந்தவும் வைக்கிறது என்பதை ஆராய முற்படும் எந்தப் பயணமும் இங்கிருந்து தொடங்குவது பொருத்தமானது. ஏனெனில், அரசு அமைப்புகளின் அறிக்கைகள் எழுதப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதற்கான வேலை இங்கே தொடங்கிவிட்டது.

கடற்குளியல் இந்நாட்டின் பிறப்புரிமை போல இன்று தோன்றினாலும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை சிட்னியில் பகல் நேரத்தில் பொதுக் கடற்கரையில் குளிப்பது தடைசெய்யப்பட்டிருந்தது. 1902இல் வில்லியம் கோச்சர் என்ற பத்திரிகை ஆசிரியர் மேன்லி கடற்கரையில் நண்பகலில் இறங்கிக் குளித்து அத்தடையை வெளிப்படையாக மீறினார். அடுத்த ஆண்டிலேயே மேன்லி நகரசபை தன் விதியைத் தளர்த்தியது. குளிக்க வந்தவர்கள் அலையில் சிக்கியபோது அவர்களைக் காப்பாற்றத் தன்னார்வ உயிர்காப்புக் கழகங்கள் தோன்றின. போண்டாயின் கழகம் 1907இல் உருவானது. அதே ஆண்டில் கூஜீயில் ஹென்றி வைலி என்பவர் அமைத்த குளம், கடல்நீர் தானாகவே வந்து நிரம்பும்படி பாறைத் திட்டில் சுவர் எழுப்பிக் கட்டப்பட்ட ‘கடற்குளம்’ என்ற வகையைச் சேர்ந்தது. அலையின் ஆபத்து இல்லாமல் கடலில் நீந்த வாய்ப்பளிக்கும் இத்தகைய குளங்கள் நியூ சவுத் வேல்ஸ் கரை நெடுகிலும் உள்ளன. 1930களின் பொருளாதார வீழ்ச்சியின்போது வேலையற்றோருக்குக் கூலி தருவதற்காகக் கட்டப்பட்டவையும் அவற்றில் உண்டு.

வைலி குளத்துக்குச் சிறிது வடக்கே, பாறைச் சரிவில் மரங்களால் மறைக்கப்பட்ட மெக்கைவர் பெண்கள் குளம் தனியே பேசத்தக்கது. பெண்களும் குழந்தைகளும் மட்டுமே நுழையக்கூடிய இக்குளத்தை 1922 முதல் பெண்களின் நீச்சல் சங்கம் ஒன்று நடத்திவருகிறது. பாலினப் பாகுபாட்டுச் சட்டத்தின்கீழ் இதன்மேல் முறையீடு எழுந்தபோது, 1995இல் அரசு இதற்கு விலக்களித்தது. சில நாணயங்களே இதன் நுழைவுக் கட்டணம். பாறைமேல் துண்டை விரித்து நூல் படிக்கும் பாட்டிமார்கள், தலைமுக்காட்டைக் கழற்றிவைத்துவிட்டு நீரில் இறங்கும் முஸ்லிம் பெண்கள், முதன்முறையாக நீந்தக் கற்கும் நடுவயதினர் ஆகியோரை ஒருசேரக் காணும்போது, உடலியக்கத்துக்குத் தடையாக இருப்பது பல வேளைகளில் சோம்பல் அன்று, கூச்சமும் அச்சமுமே என்பது தெளிவாகிறது. வைலியின் மகள் மினா வைலியும் அவருடைய தோழி ஃபேனி டூராக்கும் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில், பெண்களுக்கான நீச்சல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட ஆண்டிலேயே, வெள்ளியும் தங்கமும் வென்றனர். அவர்கள் புறப்படும் முன், ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்ற விதியை மாற்றவேண்டியிருந்தது. டூராக்கின் பயணச் செலவுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டவும் வேண்டியிருந்தது. அனுமதியும் பணமும் இன்றித் திறமை மட்டும் எங்கும் போய்ச்சேராது என்பதை இவ்வரலாறு நேரடியாகக் காட்டுகிறது.

அனுமதி மறுக்கப்பட்ட வேறு மக்களும் இருந்தனர். நியூ சவுத் வேல்ஸின் உள்நாட்டு ஊரான மோரீயில் நகரசபை நடத்திய நீச்சல் குளத்தில் பூர்வகுடி மக்கள் நுழைவது விதியால் தடுக்கப்பட்டிருந்தது. 1965 பிப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவரும் காற்பந்து வீரருமான சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் மாணவர்கள் பேருந்தில் புறப்பட்டுச் சென்று, பூர்வகுடிச் சிறுவர்களுடன் அந்தக் குளத்தின் வாசலில் நின்று போராடினர். கோயில் நுழைவுப் போராட்டங்களின் நினைவு கொண்ட தமிழ் வாசகருக்கு இந்நிகழ்ச்சியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பொதுச் செலவில் கட்டப்பட்ட குளம் எல்லோருக்கும் பொதுவாவது தனியே போராடிப் பெறவேண்டிய உரிமையாக இருந்தது.

விளையாட்டைத் தேசிய அளவில் அரசின் பொறுப்பாக்கும் எண்ணம் போர்க்காலத்தில் பிறந்தது. 1941இல் தேசிய உடற்தகுதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் இன்று அந்தப் பொறுப்பைச் சுமக்கும் ஆஸ்திரேலிய விளையாட்டு ஆணையம் 1985இல்தான் சட்டப்படி அமைந்தது. ஆணையம் என்பது அமைச்சகத்தின் ஒரு பிரிவாக இல்லாமல், தனிச் சட்டத்தால் உருவாக்கப்பட்டு, அரசு நியமிக்கும் ஆட்சிக்குழுவின்கீழ் இயங்கி, அமைச்சருக்குப் பதில் சொல்லும் அமைப்பு. இடையில் 2018இல் ‘ஸ்போர்ட் ஆஸ்திரேலியா’ என்று பெயர் மாற்றிக்கொண்டு, சில ஆண்டுகளில் பழைய பெயருக்கே திரும்பியது. ஒவ்வொரு விளையாட்டுக்கும் உரிய தேசிய அமைப்பை அங்கீகரிப்பது, அவற்றுக்கு நிதி வழங்குவது, பயிற்றுநர்களை உருவாக்குவது, மக்களில் எத்தனை பேர் எதை விளையாடுகிறார்கள் என்று கணக்கெடுப்பது ஆகியவை அதன் வேலைகள். மைதானங்களும் குளங்களும் பெரும்பாலும் நகரசபைகளின் உடைமைகள். பள்ளிகள் மாநில அரசுகளின் பொறுப்பு. ஆகவே தேசிய ஆணையத்தின் கையில் நேரடியாக இருப்பவை பணமும் தகவலும் மட்டுமே. மற்றவை அனைத்தையும் பிறரைக்கொண்டே அது செய்விக்க வேண்டும்.

பிறரைக்கொண்டு செய்விப்பதில் மிகப் புகழ்பெற்ற முயற்சி, ஆணையம் பிறப்பதற்கு முன்பே மெல்போர்னில் தோன்றிவிட்டது. 1975இல் விக்டோரிய மாநிலத்தின் இளைஞர், விளையாட்டு, பொழுதுபோக்குத் துறை, அப்போதைய அமைச்சரும் முன்னாள் காற்பந்து வீரருமான பிரையன் டிக்சனின் ஆதரவுடன், ‘வாழ்க்கையில் இறங்கு’ என்று தமிழில் சொல்லத்தக்க பெயரில் ஒரு பிரசாரத்தைத் தொடங்கியது. 1977இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. விளம்பர வல்லுநர் ஃபிலிப் ஆடம்ஸும் ஓவியர் அலெக்ஸ் ஸ்டிட்டும் உருவாக்கிய அதன் நாயகர் நார்ம், தொப்பை தள்ள, கையில் பீர் குவளையோடு தொலைக்காட்சியின் முன் சாய்வு நாற்காலியில் கிடக்கும் நடுவயதுக் குடும்பத் தலைவர். அவரைத் திட்டாமல், மைதானத்துக்கு ஓடச் சொல்லாமல், நாயைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய்வரச் சொன்னது அந்தப் பிரசாரம். விளையாட்டு வீரரைக் காட்டி மக்களைத் தூண்டும் வழக்கத்திலிருந்து அது முற்றிலும் விலகியது. தன்னைப்போன்ற ஒருவரைத் திரையில் கண்ட மக்கள் நார்மை விரும்பினர். நாட்டில் அவரை அறியாதவர் அரிது என்ற நிலை வந்தது. ஆனால் அறிந்தவர்கள் எல்லோரும் எழுந்து நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. 1980களின் தொடக்கத்தில் மத்திய அரசின் நிதியும் நின்றுபோனது. இத்தனை அன்போடு ஒரு நாட்டிடம் பேசிய பிரசாரம் அதற்குப் பிறகு அமையவில்லை என்றாலும், பேச்சு மட்டும் போதாது என்ற பாடமும் அதிலேயே இருந்தது.

சிட்னியின் லிட்கம் நிலையத்தில் இறங்கிச் சிறிய கிளைத் தடத்தில் ரயில் மாறினால், ஒலிம்பிக் பார்க் வந்துவிடுகிறது. 1988 வரை இங்கே மாநில அரசின் இறைச்சிக்கூடம் இயங்கியது. செங்கல் மண் எடுத்த பெரும்பள்ளமும், குப்பையும் தொழிற்சாலைக் கழிவும் கொட்டிய நிலமும் சூழ்ந்திருந்தன. அதைச் சுத்தப்படுத்தி எழுப்பிய நகரில்தான் 2000 செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 1 வரை ஒலிம்பிக் நடந்தது. செப்டம்பர் 25 இரவு பூர்வகுடியினரான கேத்தி ஃப்ரீமன் 400 மீட்டரில் தங்கம் வென்றபோது, அரங்கில் 1 லட்சத்து 12 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தனர். அந்த அரங்கின் எல்லையைத் தாண்டிச் சற்று நடந்தால், செங்கல் பள்ளத்தின் மேலே வட்டமாகத் தூக்கி நிறுத்திய நடைபாலம் வருகிறது. அழிவின் விளிம்பில் உள்ள பொன்பச்சைத் தவளை இனம் அந்தப் பள்ளத்தில் வாழ்வது தெரியவந்ததும், அங்கே கட்டத் திட்டமிட்டிருந்த டென்னிஸ் மையத்தை வேறிடத்துக்கு மாற்றினார்கள். சதுப்புநிலங்களையும் மிதிவண்டித் தடங்களையும் கொண்டு 400 ஹெக்டேருக்கு மேல் விரியும் இந்தப் பசும்பரப்பில், வார இறுதிகளில் மேற்குச் சிட்னியின் குடும்பங்கள் சோற்றுப் பாத்திரங்களோடு வந்து அமர்கின்றன. மைதான நாற்காலிகளைவிட இந்தப் புல்வெளியே ஒலிம்பிக் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் என்று மதிப்பிடுவது மிகையாகாது.

பதக்கத்துக்கும் பொதுமக்களின் உடலியக்கத்துக்கும் உள்ள உறவு இந்நாட்டில் நீண்ட விவாதத்துக்கு உரியது. 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியா ஒரு தங்கமும் வெல்லாமல் திரும்பியது தேசிய அவமானமாகக் கருதப்பட்டது; அதன் விளைவாக 1981 ஜனவரி 26 அன்று, தலைநகர் கான்பெராவின் புரூஸ் பகுதியில் ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. உணவு, உறக்கம், உடலியல் ஆய்வு, பயிற்சி ஆகிய எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் தந்து உயர்நிலை வீரர்களை உருவாக்கிய அந்நிறுவனம், 1989 சட்டத்தின்படி ஆணையத்துடன் இணைந்தது. பயன் கண்கூடாகக் கிடைத்தது: சிட்னியில் 16 தங்கம் உட்பட 58 பதக்கங்கள், 2024 பாரிசில் 18 தங்கம். ஆனால் பெரும்போட்டிகளைக் கண்ட உற்சாகத்தால் மட்டும் மக்கள் நிலையாக விளையாடத் தொடங்கிவிடுவதில்லை என்பதையே ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. டேவிட் க்ராஃபோர்ட் தலைமையிலான குழு 2009இல் அளித்த அறிக்கை, ஒலிம்பிக் பதக்கத்துக்குச் செலவிடும் அளவையும், மக்கள் வாழ்நாள் முழுவதும் ஆடக்கூடிய விளையாட்டுகளுக்குக் கிடைக்கும் அளவையும் ஒப்பிட்டு, முன்னுரிமையை மாற்றும்படி துணிந்து கேட்டது. ஒலிம்பிக் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. உயர்நிலை விளையாட்டுக்கான நிதி குறையவில்லை. அக்குழு எழுப்பிய கேள்வி நியாயமானது. இன்னும் அது நேராக விடையளிக்கப்படாமலே நிற்கிறது.

அதன் விடையைத் தேட உகந்த இடம் வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் போன்ற மேற்குச் சிட்னிப் புறநகர்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தமிழர்களும், பின்னர் கணினித் தொழிலுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் பெருமளவில் வாழும் பகுதி இது. மளிகைக் கடையில் முருங்கைக்காயும், மேஸ் ஹில் மேட்டில் முருகன் கோயிலும் உண்டு. கோடைச் சனிக்கிழமைக் காலையில் இங்குள்ள மைதானங்களில் நடக்கும் சிறுவர் கிரிக்கெட்டை நிதானமாகப் பார்த்தால், தேசியக் கொள்கை ஒன்று புல்தரையில் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும். மிகச் சிறியவர்களுக்கான ஆட்டத்தில் ஆடுகளம் 20 மீட்டருக்குப் பதிலாக 16 மீட்டராகக் குறுக்கப்பட்டு, அணிக்கு 7 பேர் மட்டுமே ஆடுகின்றனர். ஒவ்வொரு குழந்தையும் பந்து வீச வேண்டும், ஒவ்வொரு குழந்தையும் மட்டை பிடிக்க வேண்டும். திறமைசாலிப் பையன் ஒருவனே நாள் முழுதும் ஆடிக்கொண்டிருக்க, மற்றவர்கள் எல்லைக்கோட்டில் புல் கிள்ளிக்கொண்டு நிற்கும் நிலைக்கு இங்கே இடமில்லை. நடுவராக நிற்பவர் யாரோ ஒரு குழந்தையின் தந்தை. ஓட்டக் கணக்கு எழுதுபவர் இன்னொரு குழந்தையின் தாய்.

இந்த மாற்றம் இயல்பாக நிகழ்ந்துவிடவில்லை. பெரியவர்களின் விளையாட்டைச் சிறுவர்களின் உடலுக்கும் பொறுமைக்கும் ஏற்பச் சுருக்கி அமைக்கும் ‘ஆஸி ஸ்போர்ட்ஸ்’ திட்டத்தை ஆணையம் 1986இல் முன்னெடுத்தது. 2005 முதல் பள்ளி முடிந்தபின் விளையாட்டு நடத்தும் திட்டம் வந்தது. 2015 முதல் ‘ஸ்போர்டிங் ஸ்கூல்ஸ்’ என்ற திட்டத்தின்வழி, பள்ளிகள் நிதி பெற்றுப் பயிற்றுநர்களை வரவழைத்துக் குழந்தைகளுக்கு இலவசமாக விளையாட்டைப் பழக்குகின்றன. பள்ளியில் பழகிய குழந்தை பிறகு ஊர்க் கழகத்தில் சேரவேண்டும் என்பதே நோக்கம். அங்கேதான் பணம் குறுக்கிடுகிறது. கழகப் பதிவுக் கட்டணம், சீருடை, காலணி எல்லாம் சேர்ந்தால் இரண்டு பிள்ளைகள் உள்ள புதுக்குடியேறிகளுக்குப் பெருஞ்சுமை. 2018 தொடக்கத்தில் நியூ சவுத் வேல்ஸ் அரசு, பள்ளி செல்லும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 100 டாலர் மதிப்புள்ள சலுகைச் சீட்டு வழங்கத் தொடங்கியது, இந்தச் சுமையை உணர்ந்த செயல். 2024 முதல் அது வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும், ஆண்டுக்கு இருமுறை 50 டாலராகச் சுருங்கியது. எல்லோருக்கும் தருவதா, இல்லாதவருக்கு மட்டும் தருவதா என்ற இந்தக் கேள்வி தமிழ்நாட்டின் நலத்திட்ட விவாதங்களைத் தொடர்ந்து கவனித்தவருக்குப் பழகியதே.

சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஏறத்தாழ 900 கிலோமீட்டர். ஆட்டுமந்தைகளும் கோதுமை வயல்களும் மாறிமாறி வரும் அந்தச் சாலையில், ஊருக்கு ஒன்றாக வெள்ளை வேலியிட்ட நீள்வட்ட மைதானமும், தகரக்கூரை வேய்ந்த சிறு கழகக் கட்டடமும் கண்ணில் படுகின்றன. கோடையில் கிரிக்கெட், குளிர்காலத்தில் ஆஸ்திரேலியக் காற்பந்து, பக்கத்துத் தார்த்தளத்தில் பெண்களின் வலைப்பந்து என ஒரே இடம் ஆண்டு முழுதும் உழைக்கிறது. இத்தகைய ஊர்க் கழகங்களின் கூரையையும் விளக்கையும் உடைமாற்றும் அறையையும் சீர்செய்ய 2018இல் மத்திய அரசு அறிவித்த சமுதாய விளையாட்டுக் கட்டமைப்பு மானியம், நல்ல நோக்கமொன்று கெட்டுப்போன கதையாக முடிந்தது. விண்ணப்பங்களை ஆணையம் தகுதி வரிசையில் மதிப்பிட்டுவைத்திருந்தும், அமைச்சர் அலுவலகம் தனியே இன்னொரு மதிப்பீட்டை நடத்தி, குறைந்த வாக்கு வித்தியாசத்தில் வெல்லவோ தோற்கவோ கூடிய தொகுதிகளுக்குச் சாதகமாக நிதியைத் திருப்பியது என்று 2020 ஜனவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் அறிக்கையிட்டது. மூன்று சுற்றுகளில் 684 மானியங்கள், ஏறத்தாழ 10 கோடி டாலர். அடுத்த மாதமே அமைச்சர் பிரிட்ஜட் மெக்கென்சி பதவி விலகினார். தகுதிப் பட்டியலில் உயர்ந்த மதிப்பெண் பெற்றும் நிதி கிடைக்காத கழகங்களில், சமையல் செய்தும் சீட்டு விற்றும் பணம் சேர்க்கும் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நம்பிக்கைக்கு நேர்ந்த இழப்பு எந்தத் தணிக்கையிலும் அடங்காது. அதே வேளையில், அரசின் தவற்றை அரசின் இன்னோர் அமைப்பே கண்டுபிடித்து வெளியிட்டதும், அது ஓர் அமைச்சரின் பதவியைப் பறிக்கும் அளவுக்கு மக்கள் இதைப் பொருட்படுத்தியதும் போற்றத்தக்கவை.

மெல்போர்னில் இப்பயணத்தின் மையம், 1853 முதல் நிலைத்திருக்கும் மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். 1956 ஒலிம்பிக்கின் முதன்மை அரங்காக இருந்த இதைத் தமிழ் வாசகர்கள் பலர் 1992 மார்ச் 25 அன்று இம்ரான் கான் உலகக் கோப்பையை ஏந்திய களமாக நினைவில் வைத்திருப்பர். அந்தக் கோப்பையின் பெயரிலேயே ஒரு சிகரெட் நிறுவனம் இருந்தது என்பது இன்று வியப்பளிக்கிறது. அக்காலத்தில் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் போன்ற நிறுவனங்களின் பணமின்றி ஆஸ்திரேலிய விளையாட்டு நடக்காது என்றே பலரும் எண்ணினர். விக்டோரியா வேறு வழியைக் கண்டது. புற்றுநோய்த் தடுப்பு மருத்துவர் நைஜல் கிரேயின் இடைவிடாத முயற்சியாலும் சுகாதார அமைச்சர் டேவிட் ஒயிட்டின் துணிவாலும் 1987இல் இயற்றப்பட்ட புகையிலைச் சட்டம், புகையிலை விற்பனைமேல் ஒரு வரியை விதித்து, அந்தப் பணத்தைக்கொண்டு ‘விக்ஹெல்த்’ என்ற நலவாழ்வு மேம்பாட்டு அறக்கட்டளையை அமைத்தது. சிகரெட் நிறுவனங்கள் கழகங்களுக்குக் கொடுத்துவந்த விளம்பரப் பணத்தை அந்த அறக்கட்டளை தானே கொடுத்து, சிகரெட் பெயர் இருந்த இடத்தில் புகைப்பதை விடுங்கள் என்ற சொற்களை எழுதவைத்தது. நோய் தரும் பொருளின் வரியாலேயே நோயைத் தடுக்கும் அமைப்பை நடத்திய இந்த ஏற்பாடு உலகுக்கே முன்னோடியானது. தாய்லாந்து போன்ற நாடுகள் பின்னர் இதே வழியைப் பின்பற்றின. இப்பயணம் முழுவதிலும் கண்ட கொள்கைகளுள் அறிவுக்கூர்மை மிக்கது இதுவே.

மைதானத்திலிருந்து யார்ரா ஆற்றைக் கடந்தால் அரசுத் தாவரவியல் பூங்காவைச் சுற்றும் 3.8 கிலோமீட்டர் மண்பாதை வருகிறது. ‘டான்’ என்று நகரத்தார் சொல்லும் இது முன்பு குதிரைகள் ஓடிய தடம். சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஆல்பர்ட் பார்க் ஏரிக்கரையில் ‘பார்க்ரன்’ நடக்கிறது. 2004இல் லண்டனில் தொடங்கி 2011இல் ஆஸ்திரேலியாவுக்கு வந்த இந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை, பரிசும் இல்லை. ஓடலாம், நடக்கலாம், குழந்தையைத் தள்ளிக்கொண்டும் வரலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் நியமிக்கப்படுகிறார். அதனால் வந்தவர்களில் எவரும் கடைசியாக முடிப்பதில்லை. முதல் முறை வரும் பருத்த உடலினருக்கு இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு தைரியம் தருகிறது என்பதை, முடிவுக் கோட்டில் அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் அறியலாம். இதை எந்த அரசும் தொடங்கவில்லை. ஆனால் பூங்காவும் பாதையும் கழிப்பறையும் குடிநீரும் பொதுச் செலவில் இருந்ததால்தான் இது வேரூன்ற முடிந்தது.

ஆணையம் 2015 அக்டோபர் முதல் நடத்திவரும் ‘ஆஸ்பிளே’ என்ற தேசியக் கணக்கெடுப்பும் இத்தகைய பொதுப் பாதைகளின் தேவையை உறுதிப்படுத்துகிறது. பெரியவர்களின் உடலியக்கத்தில் முதலிடம் பெறுவது கிரிக்கெட்டோ காற்பந்தோ அன்று, நடைதான்; குழந்தைகளிடையே பள்ளி நேரத்துக்கு வெளியே நீச்சல் முன்னிற்கிறது. எனினும் இத்தனை பாதைகளும் குளங்களும் உள்ள நாட்டிலும், வாரத்துக்கு 150 நிமிட மிதமான இயக்கமும் இருநாள் தசைப்பயிற்சியும் வேண்டும் என்ற வழிகாட்டுதலை முழுமையாக நிறைவேற்றும் பெரியவர்கள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரே என்று 2022 தேசிய நலவாழ்வு ஆய்வு காட்டியது. நார்ம் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறார். தொலைக்காட்சிக்குப் பதில் கையில் கைப்பேசி. தமிழ்நாட்டில் 1992 முதல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் உண்டு; 2023 நவம்பர் 4 அன்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையைக் குறித்து ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்ற திட்டமும் தொடங்கப்பட்டது. பாதையைக் குறித்துத் தருவது என்ற அந்த எண்ணம் சரியான திசையில் வைத்த அடி. அந்த 8 கிலோமீட்டர் முழுவதும் இருசக்கர வண்டிகள் ஏறாத நடைமேடையும், மாலை இருட்டில் பெண்கள் தனியே நடக்கத்தக்க வெளிச்சமும் வாய்த்தால், அது போண்டாயின் பாதைக்குச் சற்றும் குறைந்ததாகாது.

பெண்களைப் பற்றிய கணக்கு எங்கும் தனியே பார்க்கவேண்டிய ஒன்று. மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கத்தை உடைப்பதற்காக, இங்கிலாந்தின் முன்மாதிரியைக்கொண்டு விக்ஹெல்த் 2018இல் ஒரு பிரசாரத்தை நடத்தியது; வியர்த்து, மூச்சுவாங்கி, தடுமாறி ஆடும் சாதாரணப் பெண்களையே அது காட்டியது. 2023இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளில் நடந்த மகளிர் காற்பந்து உலகக் கோப்பையில் ஆஸ்திரேலிய அணி அரையிறுதி வரை சென்றபோது, ஊர்க் கழகங்கள் பலவற்றில் பெண்களுக்கு உடைமாற்ற அறையே இல்லை என்ற உண்மை தேசியப் பேச்சானது. மத்திய அரசு பெண்களின் விளையாட்டு வசதிகளுக்காக 20 கோடி டாலரை அறிவித்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் பள்ளிகளில் நன்கு பழகிய வலைப்பந்து, இந்நாட்டில் பெண்கள் மிகுதியாக ஆடும் குழு விளையாட்டுகளில் ஒன்று. போர்க்கால யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, இலங்கை அணியின் உயரமான வீராங்கனையாக உலகப் போட்டிகளில் கோல்களைக் குவித்த தர்ஜினி சிவலிங்கம், மெல்போர்னில் விக்டோரிய மாநில லீக்கிலும் ஆடினார். தங்கள் மகள்களைப் படிப்பின் பெயரால் ஆடுகளத்திலிருந்து விலக்கிவைக்கும் வழக்கம் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இன்னும் ஓய்ந்துவிடவில்லை; அவர்கள் முன் வைக்க அவரைவிடத் தகுந்த பெயர் இல்லை.

மெல்போர்னின் மேற்கு விளிம்பில் விண்டம் நகரசபைப் பகுதி இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 2 லட்சத்து 92 ஆயிரம் மக்களைக் கொண்ட இப்பகுதியின் டார்னீட், ட்ருகனீனா போன்ற புறநகர்கள், இந்தியாவிலிருந்து வந்த இளங்குடும்பங்களால் வேகமாக நிரம்பிவருகின்றன. போண்டாயில் நூறாண்டுகளாகச் சேர்ந்த வசதிகளை இங்கே பத்தாண்டுகளில் உருவாக்க வேண்டியிருக்கிறது. புதிய புறநகர் ஒன்றைத் திட்டமிடும்போது வீட்டுமனைகளோடு விளையாட்டுத் திடலுக்கும் பூங்காவுக்கும் நிலம் ஒதுக்கவேண்டும் என்றும், மனை விற்போர் அதற்குப் பங்களிக்க வேண்டும் என்றும் விக்டோரியாவில் விதிகள் உண்டு; ஆயினும் ஒதுக்கிய நிலம் திடலாவதற்குள் வீடுகள் நிறைந்துவிடுகின்றன. ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட ‘பிளே வெல்’ என்ற தேசியப் பங்கேற்புத் திட்டம், எவரும் விலக்கப்படாத விளையாட்டுச் சூழலை இலக்காக முன்வைக்கிறது. அதே ஆண்டுகளில் 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக்குக்கான அரங்குகளும் பொதுப் பணத்தைக் கேட்டு நிற்கின்றன. டார்னீட்டுக்கு வேண்டியவை இன்னொரு திடல், மாலைப் பயிற்சிக்கு விளக்குக் கம்பங்கள், நடந்தே எட்டும் தொலைவில் ஒரு நீச்சல் குளம், நிழல் மரங்கள் கொண்ட பாதை ஆகியவை. இவ்விரு கோரிக்கைகளில் எது முதலில் நிறைவேறுகிறது என்பதைக்கொண்டே க்ராஃபோர்ட் குழு 2009இல் எழுப்பிய கேள்விக்கு இந்நாடு அளிக்கும் விடை தெரியவரும்.